தோல் சரி, கோட்டு?

சிலிகான் தோலும் ஒவ்வொரு இழையாக நட்ட தலைமுடியும் வந்ததால்தான் சேகரிப்பு பொம்மைகளின் விலை ஏறியது என்கிறது அவற்றைப் பற்றி நான் படித்த ஒரு கட்டுரை. பாதிதான் சரி. சேலம் வந்து சேர்வதற்குள் சுங்க வரி, கூரியர் என்று இன்னொரு படி ஏறிவிடுகிறதே!

சிலிகான் உடம்பு அழகுதான். உள்ளே எஃகு எலும்புக்கூடு, முழங்கையை மடக்கினால் மூட்டு தெரியாது. ஆனால் தூசியை இழுத்துக்கொள்ளும். மேக்கப் பிரஷ்ஷால் தட்டிக்கொண்டிருப்பேன், வீட்டில் சிரிப்பார்கள்.

அப்புறம் உடை. ஏற்காட்டில் அக்கா வீட்டு அலமாரியில் இரண்டு மழைக்காலம் வைத்திருந்தேன். 30 சென்டிமீட்டர் உயர வீரன் பொம்மையின் ரெக்சின் கோட்டு வெங்காயத் தோல் மாதிரி உரிந்து வந்தது. அதன் பாலியூரித்தேன் பூச்சுக்கு ஈரம் ஆகாது. தோலுக்கு இவ்வளவு மெனக்கெடுகிறவர்கள் கோட்டுக்கும் கொஞ்சம் செலவழித்தால் என்ன?