விண்டேஜ் காரில் எந்த எஞ்சினையும் பொருத்தலாமா?

"50 ஆண்டு கடந்த காருக்கு விண்டேஜ் பதிவு வாங்கிவிட்டால், புதிய டீசல் எஞ்சின் பொருத்தித் தினமும் ஓட்டலாம்" என்ற தகவல் வாட்ஸ்அப்பில் பரவுகிறது. இது முற்றிலும் தவறு.

2021 ஜூலையில் மத்திய அரசு அறிவித்த விதிகள் இதற்கு நேர்மாறாகச் சொல்கின்றன. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்திருக்க வேண்டும். சேசிஸ் (வண்டியின் அடிச்சட்டம்), பாடி, எஞ்சின் எதிலும் பெரிய மாற்றமில்லாமல் அசல் வடிவில் இருக்க வேண்டும். அப்படிப்பட்ட வண்டிதான் விண்டேஜ். வேறு எஞ்சினை ஏற்றிய அன்றே அந்தத் தகுதி போய்விடுகிறது. புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும். கண்காட்சி, பேரணி, தொழில்நுட்ப ஆய்வு, பராமரிப்பு, எரிபொருள் நிரப்புதல் போன்றவற்றுக்கே சாலையில் இறக்கலாம்; அலுவலகம் போய்வர முடியாது.

வீட்டிலேயே பழைய காரைச் சீர்செய்பவர்கள் இதனால் அஞ்ச வேண்டியதில்லை. விதி தடுப்பது உருமாற்றத்தை, பழுதுபார்ப்பதை அல்ல. சென்னையில் 1961 முதல் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் காரையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் சேசிஸ் தனி. போல்ட்டுகளைக் கழற்றி பாடியைத் தூக்கிவிடலாம். துரு நீக்கவும், பிரேக் சிலிண்டர்களையும் ஒயரிங்கையும் புதுப்பிக்கவும் இவ்வளவு வசதியான கார் அரிது. அதன் அசல் பெட்ரோல் எஞ்சினைத் தயவுசெய்து பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள்.