அது எக்ஸ்ரே இல்லை

"மூட்டுப் படத்தைக் கொடுத்தால் ஏ.ஐ. முடக்குவாதத்தைக் கண்டுபிடித்துவிடும், இனி டாக்டரே வேண்டாம்" என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். நியூயார்க்கின் வெய்ல் கார்னெல் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 2024இல் வெளியிட்ட ஏ.ஐ. ஆய்வு சொல்வது வேறு. அங்கே படம் என்பது எக்ஸ்ரே இல்லை. மூட்டின் உள்சவ்விலிருந்து எடுத்து, மெல்லிசாகச் சீவி, சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்க்கும் திசுவின் படம். அந்த ஏ.ஐ.யும் முதலில் பாடம் கற்றது சுண்டெலிகளின் திசுவில். மனிதத் திசுவில் சோதித்தது அப்புறம்தான்.

நோய் இருக்கிறதா என்று கண்டுபிடிப்பது அதன் வேலையில்லை. முடக்குவாதம் உள்ளவரின் சவ்வில் எந்த வகை அழற்சி, எந்தச் செல்கள் குவிந்திருக்கின்றன என்று பிரிக்கிறது. நோயியல் நிபுணர் கண்வலிக்கப் பார்த்துச் செய்கிற, ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறுகிற வேலை அது. வகை தெரிந்தால் பொருத்தமான மருந்தைத் தேர்ந்தெடுக்கலாம் என்பது, சரி, இப்போதைக்கு எதிர்பார்ப்புதான்.