வெளுத்தது யாரால்?

(சிங்கப்பூர், ஈசூன். ஹாலுக்கும் சாப்பாட்டு மேசைக்கும் நடுவே ஒரு மூன்றடி உப்புத் தண்ணீர்த் தொட்டி. மருமகன் டார்ச் அடித்துக் குனிந்து பார்க்கிறார். ராமேசுவரத்துக்குப் பக்கத்துக் கடலோர ஊரான மண்டபத்திலிருந்து மகள் வீட்டுக்கு வந்திருக்கும் அத்தை, காப்பி டம்ளரோடு வருகிறார்.)

அத்தை: என்ன மாப்பிள்ளை, விடிந்ததும் டார்ச்? மோதிரம் உள்ளே விழுந்துவிட்டதா?

மருமகன்: இந்தக் காளான் பவளத்தைப் பாருங்கள் அத்தை. போன வாரம் நல்ல பழுப்பு. இப்போது வெளுத்துப் போய் நிற்கிறது. எண்பது வெள்ளி கொடுத்து வாங்கியது!

அத்தை: எங்கள் பக்கம் அந்தக் காலத்தில் பவளத்தை வெட்டி வந்து சுண்ணாம்பு சுட்டார்கள், வீடு கட்டினார்கள். நீங்கள் காசு கொடுத்து வாங்கி அதற்கு வீடு கட்டியிருக்கிறீர்கள்.

மருமகன்: அது கல் பவளம் அத்தை. இது மென் பவளம். உடம்பில் பாறை கிடையாது, பொடிப்பொடியாகச் சுண்ணாம்பு ஊசிகள் மட்டும் இருக்கும்.

அத்தை: அப்படியானால் வெற்றிலைக்குக்கூட ஆகாது. சரி, தண்ணீர் சுட்டிருக்கும். 1998 கோடையில் எங்கள் கடலிலும் இப்படித்தான் வெளுத்தது.

மருமகன்: உண்மைதான். வழக்கத்தைவிட ஒன்றிரண்டு டிகிரி கூடிச் சில வாரம் அப்படியே நின்றால் கடலிலேயே வெளுத்துவிடும். ஆனால் இங்கே தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லர் ஓடுகிறது. வீட்டுக்குள் 30 டிகிரி இருந்தாலும் தொட்டி 25.5-ஐத் தாண்டாது.

அத்தை: ஓஹோ. எனக்கு மட்டும் டேபிள் ஃபேன்.

மருமகன்: (இருமிக்கொண்டு) உப்பும் சரியாக இருக்கிறது, ஆயிரத்துக்கு 35. நைட்ரேட் 8. காரத்தன்மையும் நகரவில்லை. நேற்று ராத்திரி இரண்டு தடவை சோதித்தேன்.

அத்தை: என் சுகர் டெஸ்டுக்கு வாங்கிய பட்டை இன்னும் பிரிக்காமல் இருக்கிறது. பரவாயில்லை. தோல் கீல் உரிக்கிறதோ?

மருமகன்: நல்ல கேள்வி. இந்த வகை அவ்வப்போது மெழுகுத்தாள் மாதிரி ஒரு தோலை உரித்துப் போடும். அந்தச் சமயத்தில் கைகளை எல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டு மொட்டையாக நிற்கும். இதில் கைகள் எல்லாம் விரிந்திருக்கின்றன.

அத்தை: சாப்பாட்டுக்குக் கை நீட்டுகிறதா? அப்படியானால் உயிருக்கு ஒன்றும் இல்லை. நிறம் மட்டும் எங்கே போச்சு?

மருமகன்: அந்தப் பழுப்பு பவளத்தின் சொந்த நிறமே இல்லை அத்தை. சதைக்குள் நுண்பாசி குடியிருக்கிறது. வெளிச்சத்தை வைத்து அது சமைக்கும், பவளம் உட்கார்ந்து சாப்பிடும்.

அத்தை: பாசி வீட்டோடு மாப்பிள்ளையா?

மருமகன்: (சற்று யோசித்து) அப்படியும் சொல்லலாம். வெளிச்சம் திடீரென்று கூடினால் பாசி ஓவர்டைம் பார்த்து வேண்டாத நஞ்சை உண்டாக்கும். பவளம் தாங்காமல் வெளியே அனுப்பிவிடும். ஆனால் நான் லைட்டைத் தொடவே இல்லை. 80 சதவீதத்தில்தான் ஓடுகிறது.

அத்தை: நீங்கள் சொன்னால் சரிதான். ஆனால் வந்த புதிதில் இந்தச் சோபாவில் உட்கார்ந்தால் தொட்டிக்கு அந்தப் பக்கச் சுவரில் காலண்டர் மாட்டியிருப்பதே மங்கலாகத்தான் தெரியும். இப்போது இங்கிருந்தே ராகுகாலம் படிக்கிறேன். எனக்குக் கண் நன்றாகிவிட்டதோ என்று நினைத்தேன்.

(மருமகன் மெதுவாகச் சோபாவில் உட்கார்ந்து தொட்டி வழியாகப் பார்க்கிறார்.)

மருமகன்: பத்தரை முதல் பன்னிரண்டு…

அத்தை: வெள்ளிக்கிழமை அல்லவா.

மருமகன்: கரி! பக்கத்தில் புதிதாக ஒரு கல் பவளம் வைத்தேன் அத்தை. மென் பவளம் சும்மா இராது, தண்ணீரில் நஞ்சு கலந்து பக்கத்தில் இருப்பதை வளரவிடாது. அதை உறிஞ்சட்டும் என்று ஃபில்டரில் கரி போட்டேன். அது தண்ணீரின் மஞ்சளையும் சேர்த்து உறிஞ்சிவிட்டது. லைட் அதே லைட்தான், ஆனால் உள்ளே இறங்கும் வெளிச்சம் கூடிவிட்டது.

அத்தை: எவ்வளவு போட்டீர்கள்?

மருமகன்: ஒரு கைப்பிடி போடச் சொன்னார்கள். மூன்று போட்டேன்.

அத்தை: (தயங்கி) மாப்பிள்ளை, கரியை மட்டும் குறை சொல்லாதீர்கள். லைட்டுக்கு அடியில் கண்ணாடி முழுக்க உப்புப் பூத்துக் கிடந்தது. இப்படி அழுக்காக வைத்திருக்கிறார்களே என்று செவ்வாய்க்கிழமை துடைத்துவிட்டேன். பளபள என்று.

(நீண்ட மௌனம்.)

மருமகன்: ரொம்ப… நன்றி அத்தை.

அத்தை: தப்பாகிவிட்டதா?

மருமகன்: சேச்சே. எல்லாம் கரியால்தான்.

அத்தை: இல்லை, என் துணியால்தான்.

மருமகன்: மூன்று கைப்பிடி அத்தை!

அத்தை: நான் வினிகர் போட்டுத் துடைத்தேன் மாப்பிள்ளை!

மருமகன்: சரி, பாதிப் பாதி வைத்துக்கொள்வோம். உங்கள் மகளிடம் கரி என்று மட்டும் சொல்லலாம்.

அத்தை: தங்கமான மனசு. இப்போது என்ன வைத்தியம்?

மருமகன்: லைட்டை 50-க்கு இறக்குகிறேன். அப்புறம் வாரத்துக்கு ஐந்து ஐந்தாக ஏற்றினால் போதும். கரியில் பெரும்பகுதியை வெளியே எடுத்துவிடலாம். இடத்தை மாற்றக் கூடாது, மருந்து ஊற்றக் கூடாது. பயத்தில் நாலு வேலையைச் சேர்த்துச் செய்துதான் பலர் பவளத்தைக் கொன்றுவிடுகிறார்கள். மிச்சமிருக்கும் பாசி பெருகிப் பழைய நிறம் வரச் சில வாரம் ஆகும், மாதங்கள்கூட ஆகலாம்.

அத்தை: அதுவரைக்கும் சமைத்துப் போட ஆள் குறைவு. பாவம், பட்டினி கிடக்குமே?

மருமகன்: கொஞ்சம் கிடக்கும். தண்ணீரில் மிதக்கும் நுண்துகள்களைப் பிடித்துச் சமாளித்துக்கொள்ளும். வாரம் ஒரு தடவை அதற்கான தீவனத்தைத் துளியூண்டு கரைத்து விடுவேன்.

அத்தை: நல்லவேளை. காலையில் அதன் முகத்தைப் பார்த்தபோதே எனக்குத் தோன்றியது. ஒரு டம்ளர் ஊற்றினேன்.

மருமகன்: எதை அத்தை?

அத்தை: கஞ்சித் தண்ணீர்தான். ஓடாதீர்கள் மாப்பிள்ளை, எனக்கும் விவரம் தெரியும். உப்புப் போடவில்லை, அதுதான் தொட்டியிலேயே இருக்கிறதே!