அந்த கான்ஃபிகர் பட்டனை யாராவது ஒளித்து வையுங்கள்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலரை மணி. எப்போதும் அரை மணி நேரம் ஓடும் பில்ட் (கோடைத் தொகுத்துச் சோதிக்கும் ஓட்டம்) இருபதாவது நிமிடத்தில் செத்து விழுகிறது. தோண்டிப் பார்த்தால், மூன்று மாதம் முன்பு ஒரு புண்ணியவான், பில்டுகளைத் தானாக ஓட்டும் ஜென்கின்ஸ் திரையிலேயே போய், கான்ஃபிகர் பட்டனை அழுத்தி, டைம்அவுட்டை (எத்தனை நிமிடத்தில் பில்டை நிறுத்துவது என்ற வரம்பை) 20-லிருந்து 60 ஆக்கியிருக்கிறார். மாற்றங்களைக் கமிட் செய்து பதிந்து வைக்கும் கிட்டில் (Git) அதன் சுவடே இல்லை. ஸ்கிரிப்டைப் படித்து மற்ற ஜாப்களை உருவாக்கும் சீட் ஜாபை இன்று காலை நான் ஓட்டினேன். அதன் பின்னால் இருக்கும் ஜாப் டிஎஸ்எல் ப்ளகின் தன் கடமையைச் செய்தது: க்ரூவி ஸ்கிரிப்டில் உள்ளபடி எல்லாவற்றையும் திருப்பி எழுதி, 60-ஐத் துடைத்துவிட்டு 20-ஐ வைத்தது. இப்போது குற்றவாளி நான்!

அந்தப் புண்ணியவானைக் கேட்டால், "சின்ன மாற்றம்தானே, அப்புறம் கமிட் பண்ணலாம்னு இருந்தேன்" என்கிறார். அந்த அப்புறம் எந்தக் காலண்டரிலும் இல்லை.

சரி, பில்ட் படிகளைக் கோடோடு கிட்டிலேயே வைக்கும் ஜென்கின்ஸ்ஃபைலுக்கே மாறிவிடலாம் என்றால் அது வேறு தலைவலி. 2016-இல் ஜென்கின்ஸ் 2.0 வந்ததிலிருந்து ஊரே அதைத்தான் சொல்கிறது, நல்ல யோசனைதான். ஆனால் ஒரு அடைப்புக்குறி விட்டுப்போனதைக் கண்டுபிடிக்க கிட்டுக்குப் புஷ் பண்ணு, காத்திரு, திட்டு, மறுபடி புஷ் பண்ணு. எங்கள் கமிட் வரலாற்றில் "ஃபிக்ஸ்", "ஃபிக்ஸ் 2", "சத்தியமாகக் கடைசி ஃபிக்ஸ்" என்று வரிசையாக நிற்கும்.

ஜென்கின்ஸில் ரீப்ளே வசதி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. புஷ் பண்ணாமலே ஸ்கிரிப்டைத் திருத்தி ஓட்டலாம். போன வாரம் அதில் சரிசெய்து, பச்சை விழுந்த சந்தோஷத்தில் ஃபைலில் போட மறந்தது யார் என்று மட்டும் கேட்காதீர்கள்.