"நம்புகிறீர்களா?" என்று கேட்டுவிட்டால் ஆய்வு ஆகிவிடாது

ஸ்மார்ட் வீட்டை மக்கள் எவ்வளவு நம்புகிறார்கள் என்பதை பிரவுசரிலேயே ஓடும் மெய்நிகர் வீட்டை வைத்து ஆராய்வது எனக்கும் பிடித்த முறைதான். ஆனால் பல ஆய்வுகளில் கதவு தானாகப் பூட்டிக்கொள்வதைக் காட்டுகிறார்கள். உடனே "1 முதல் 7 வரை மதிப்பெண் போடுங்கள்" என்கிறார்கள். கதவு பூட்டாமல் போனால் பார்ப்பவருக்கு என்ன நஷ்டம்? ஒன்றுமில்லை. அப்படி வாங்குகிற மதிப்பெண், டிசைன் பிடித்திருக்கிறதா என்பதற்கானது.

தானியங்கி சிஸ்டத்தின் மீதான நம்பிக்கைக்கு லீ, சீ என்ற ஆய்வாளர்கள் 2004-இல் தந்த வரையறையிலேயே நிச்சயமின்மையும் பாதிப்புக்கான வாய்ப்பும் இருக்கின்றன. இரண்டையும் சிமுலேஷனுக்குள் கொண்டுவர வேண்டும். பங்கேற்பவருக்குப் புள்ளி கிடைக்கிற வேறொரு வேலை கொடுங்கள், எழுத்துகளைப் பொருத்துவதுகூடப் போதும். அடுப்பை அணைப்பது சிஸ்டத்தின் பொறுப்பு. சந்தேகம் வந்தால் கேமராவைத் திறந்து பார்க்கலாம், ஆனால் அந்த 5 விநாடியும் வேலை நிற்கும். அணையாத அடுப்பைக் கவனிக்காமல் விட்டால் சேர்த்த புள்ளியில் பாதி காலி. புள்ளிக்கு ஏற்பத்தான் ஊக்கத்தொகை. எத்தனை முறை எட்டிப் பார்த்தார் என்ற எண், எந்தக் கேள்வித்தாளையும்விட நேர்மையானது.

சிஸ்டத்தின் தவறுகளையும் யோசித்து வையுங்கள். பொய் எச்சரிக்கை அடிக்கடி வந்தால், அடுத்த எச்சரிக்கையை மதிக்க மாட்டார்கள். எச்சரிக்க வேண்டிய நேரத்தில் சும்மா இருந்தால், அமைதியாக இருக்கும்போதும் போய்ப் பார்ப்பார்கள். இரண்டையும் 'பிழை' என்று ஒரே கணக்கில் சேர்த்தால் ஒன்றும் புரியாது. முதல் சுற்றிலேயே வரும் தவறும் நன்றாக ஓடியபின் வரும் தவறும்கூட ஒன்றல்ல.

அடுத்தது பிரவுசர். பங்கேற்பவர் வேறு டேபுக்குப் போனால் அனிமேஷன் நின்றுவிடும், டைமர்கள் மெதுவாகும். திரும்பி வந்து பார்க்கும்போது விளக்கு தாமதமாக எரிந்தால், பழி சிஸ்டத்தின் மேல் விழும். ஆகவே டேப் மறைந்த நேரங்களைப் பதிவு செய்யுங்கள். விளக்கு எரியக் கட்டளை போன நேரத்தோடு, திரையில் எரிந்த நேரமும் வேண்டும். படங்கள், ஒலிகள் எல்லாம் தொடங்கும் முன்பே இறங்கியிருக்கட்டும்.

கேள்வித்தாளைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. தானியங்கி சிஸ்டத்தின் மீதான நம்பிக்கையை அளக்க 2000-இல் வந்த கேள்வித்தாளான ஜியான் அளவுகோலில் 12 கேள்விகள். முதல் 5 அவநம்பிக்கை பற்றியவை. அவற்றைத் திருப்பிக் கணக்கிடாமல் (7-ஐ 1 ஆகவும் 1-ஐ 7 ஆகவும் மாற்றாமல்) கூட்டுகிறவர்களும் உண்டு!

20 நிமிட அமர்வில் தெரிவது முதல் பழக்கத்தின் நம்பிக்கை மட்டும். நாள்பட்ட நம்பிக்கை வேண்டுமென்றால் அதே ஆட்களைத் திரும்ப அழைக்க வேண்டும். அப்போது பாதியில் கழன்றவர்கள் யார் என்றும் பாருங்கள். நம்பாதவர்கள் முதலில் போய்விட்டால், சிஸ்டம் அப்படியே இருக்க, சராசரி மட்டும் ஏறும்.