முதுகில் சுமந்தவனைத் திருடன் என்றீர்கள்

சனிக்கிழமை வாசிப்புக் கூட்டத்தில் நடந்ததை வந்தவர்கள் பார்த்தீர்கள். வராதவர்களுக்கு இந்நேரம் வீடியோ வந்து சேர்ந்திருக்கும். "சாகக் கிடந்த ராஜாவோட வாளை அமுக்கப் பார்த்த ஆள்தானே உங்க பெடிவியர்?" என்றார் நண்பர். ஆர்தர் அரசன் கதைகளில் வரும் வீரன் பெடிவியரைத்தான் சொன்னார். அறையே சிரித்தது. சரி, சிரியுங்கள்.

1485இல் அச்சான, ஆங்கில எழுத்தாளர் மாலரியின் ஆர்தர் கதை நூலில் அவன் இரண்டு தடவை பொய் சொல்கிறான், உண்மைதான். ஆர்தர் தண்ணீரில் எறியச் சொன்ன வாளை ஒளித்துவிட்டு, எறிந்தாயிற்று என்கிறான். மூன்றாம் தடவை எறிந்துவிடுகிறான். அப்புறம்? நடக்க முடியாத அரசனை முதுகில் சுமந்து கரைக்குக் கொண்டுபோகிறான். அதைச் சொல்ல நண்பருக்கு நேரமில்லை போலிருக்கிறது.

வேல்ஸ் பழங்கதையில் அவன் பெயர் பெட்விர். ஒற்றைக் கைக்காரன். ஆனாலும் களத்தில் மூன்று பேர் சேர்ந்தாலும் அவன் வேகம் வராதாம். தோழன் கெய் கிளம்பிய எந்தக் காரியத்திலும் பின்வாங்காதவன். 1136 வாக்கில் மான்மவுத் ஜெஃப்ரி எழுதிய பிரிட்டன் அரசர்கள் வரலாற்றில் ரோமானியரோடு மோதிச் சாகிறான். அவன் உடலை மீட்டு வந்து சேர்ப்பதற்குள் கெய்க்கும் உயிர்போகிற காயம். திருடனுக்காக எவனாவது இப்படிச் செய்வானா?

"பிரெஞ்சுக் கதையில் வாளை எறிவது கிர்ஃபிளே என்ற வேறொரு வீரன் அல்லவா" என்று ஒருவர் கமெண்டில் வருவார். இருக்கட்டுமே. "கைப்பிடி முழுக்க ரத்தினம், அதில் மயங்கினான்" என்பீர்கள். மயங்கியிருக்கலாம். எடுத்துக்கொண்டு ஓடினானா? "ஆர்தரே துரோகி என்றாரே?" என்றார்தான். வலியில் கிடப்பவர் வேறென்ன சொல்வார்.

எனக்குத் தெரியும். தாத்தா படுத்த படுக்கையானதும் தன் சைக்கிளைக் காயலான் கடையில் போடச் சொன்னார். போட்டாச்சு தாத்தா என்று சொல்லிவிட்டு அத்தை வீட்டு மாட்டுக்கொட்டகையில் நிறுத்தினேன். "எவ்வளவுடா குடுத்தான்?" என்றார். அதற்கு நான் தயாராக இல்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். விற்றால் 200 ரூபாய் தேறாத சைக்கிள் அது. பணத்துக்கா ஒளித்தேன்?

"என்ன பார்த்தாய்?" என்றுதான் ஆர்தரும் கேட்டார். காற்றும் அலையும் என்று உளறினான். பொய் சொல்லிப் பழகியவன் இவ்வளவு மோசமாகவா சொல்வான்?

படகு ஆர்தரைக் கொண்டுபோகும்போது, பகைவர் நடுவில் என்னைத் தனியாக விட்டுப் போகிறீர்களே, நான் என்ன ஆவேன் என்று கதறுகிறான். அந்த இடத்தைத்தான் அன்று வாசிக்க இருந்தேன். பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தேன். சிரிப்பு அடங்குவதற்குள் டீ வந்துவிட்டது.