டவல் கம்பியை நம்பாதீர்கள்

குளியலறைச் சுவரில் டவல் போட ஒரு கம்பி இருக்குமே, அதைத் தாங்கி நிற்பது இரண்டு சின்ன ஸ்க்ரூவும் பிளாஸ்டிக் பிளக்கும்தான். ஈரத் தரையில் கால் வழுக்கும்போது வயதானவரின் கை முதலில் பாய்வது அதை நோக்கித்தான். டைல்ஸ் சில்லோடு கம்பி கையில் வந்துவிடும். விழுந்தவரிடம் போய், "பார்த்து நடக்கக் கூடாதா?" என்று கேட்போம். எனக்கு எரிச்சல் வருவது அந்தக் கேள்வியில்தான்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஆண்டுக்குச் சுமார் 6,84,000 பேர் கீழே விழுந்து இறக்கிறார்கள். தற்செயலான காயங்களால் நேரும் சாவுகளில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்கு. அப்படியிருந்தும் இடுப்பெலும்பு முறிந்த பிறகுதான் நமக்குக் கொத்தனார் ஞாபகம் வருகிறது.

அவர் வந்த பிறகு நடப்பதுதான் இன்னும் மோசம். மகன் பேசுவார், மருமகள் பேசுவார், கொத்தனார் தலையாட்டுவார். அந்தக் குளியலறைக்குள் தினமும் போகப்போகிறவர் பக்கத்து அறையில் உட்கார்ந்திருப்பார். அவரை ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். பக்கவாதத்தில் இடக்கை விழுந்துவிட்டவருக்கு, பிடித்து எழுவதற்கான கைப்பிடிக் கம்பியை இடப்பக்கம் பொருத்திவிட்டுப் போவார்கள். அவரைக் கழிப்பறை இருக்கையில் உட்காரவைத்து, எழச் சொல்லிப் பாருங்கள். கை தானாக எங்கே போகிறதோ அங்கே சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். கம்பிக்கு இடம் அதுதான். புத்தகத்தில் இருக்கும் அளவு அதற்கு அடுத்தபடி. ஆனால் கம்பி முழு உடல் எடையையும் தாங்க வேண்டும். ரப்பர் உறிஞ்சியால் சுவரில் ஒட்டிக்கொள்ளும் வகையை நான் சல்லிக்காசுக்கு நம்ப மாட்டேன்.

யாருக்கும் தடையில்லாத கட்டடம் என்ற எண்ணத்துக்கு ஒரு பெயரும் வடிவமும் கொடுத்த அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ரொனால்ட் மேஸ் சிறுவயதிலேயே போலியோவால் பாதிக்கப்பட்டவர், சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர். கல்லூரி நாட்களில் அவரை மாடிப்படிகளில் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது. படிக்கட்டின் குறை அப்படிப்பட்டவருக்குத்தானே தெரியும்?

சக்கர நாற்காலி ஏறுவதற்காக வீட்டு வாசலில் போடும் சாய்தளத்தைப் பார்த்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட அளவு. 15 சென்டிமீட்டர் படிக்கு 1.8 மீட்டர் வேண்டும். 45 சென்டிமீட்டர் திண்ணை உயரத்துக்கு 5.4 மீட்டர். இரண்டடி நீளத்தில் சிமெண்டைச் சரித்துப் பூசிவிட்டால் அது சறுக்குமரம். அதில் ஒருவரைத் தள்ளி ஏற்றுவதே பெரும்பாடு, இறக்குவது அதைவிட ஆபத்து.

வெளிச்சமும் நிறமும் பலருக்குத் தோன்றுவதே இல்லை. வெள்ளைத் தரை, வெள்ளைச் சுவர், வெள்ளை இருக்கை, வெள்ளைக் கம்பி. பார்வை மங்கியவருக்கு எது எங்கே முடிகிறது என்று எப்படித் தெரியும்? கம்பி அடர்நிறத்தில் இருக்கட்டும், படி விளிம்பில் ஒரு பட்டை ஓடட்டும், கட்டிலிலிருந்து கழிப்பறை வரை இரவு முழுவதும் சிறு விளக்கு எரியட்டும்.

"வீட்டை ஆஸ்பத்திரி ஆக்காதே" என்று மறுக்கும் பெரியவர்களும் உண்டு. அந்த வெறுப்பு எனக்குப் புரிகிறது. அவருடைய வீடு, அவருடைய உடம்பு. வற்புறுத்தி எதையும் மாட்டிவைக்க யாருக்கும் உரிமை இல்லை. பிடிக்கிற வடிவத்தை அவரே தேர்ந்தெடுக்கட்டும், சில வேலைகளைத் தள்ளியும் போடலாம்.

குளியலறைக் கதவு விஷயத்தில் மட்டும் உட்கார்ந்து பேசி அவரைச் சம்மதிக்க வைத்துவிடுங்கள். உள்பக்கம் திறக்கும் கதவென்றால், உள்ளே விழுந்து கிடப்பவரின் உடம்பே அதை அடைத்துக்கொள்ளும். வெளியே நிற்பவர் கதவைத் தள்ளத் தள்ள அடிபட்டவர்மீதுதான் இடிக்கும். தச்சரைக் கூப்பிட்டு வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றச் சொல்லுங்கள். வெளியே இடமில்லையென்றால் தள்ளுகதவு போடலாம். எந்தக் கதவானாலும் அவசரத்துக்கு வெளியிலிருந்து திறக்க முடிகிற தாழ்ப்பாள் கட்டாயம்.